நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு லென்ஸ்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஸ்டூடியோக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அடையாள அட்டையோ, வேலை விண்ணப்பமோ, பள்ளிச் சேர்க்கைத் தாளோ, அந்த வட்டாரத்தில் யாருடைய முகம் எதில் ஒட்டப்பட்டிருந்தாலும் அது அவளுடைய எட்டடிக்குப் பத்தடி அறையில், நீலத் திரைக்கு முன்னால் எடுத்ததாகத்தான் இருக்கும். பதினெட்டு வருஷமாக இதே வேலை. எதிரே உட்காருகிற முகத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி. அதற்கு மேல் தள்ளி நிற்கிற எதையும் படம் எடுக்க அவசியம் வந்ததில்லை. அதற்கான லென்ஸும் அவளிடம் இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்ப ஆரம்பித்தபோதுதான் அந்த அவசியம் வந்தது.

அவள் கணவன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வேலை பார்க்கிற இடத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாம் ஊருக்கு வெளியே, பஸ் மாறிப் போகிற தூரத்தில். விடியும்போது கிளம்புவான், பொழுது சாயும்போது வருவான். குளிப்பான், சாப்பிடுவான், ஜன்னலோர நாற்காலியில் உட்காருவான். பேச்சு என்று பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் தேறாது. சிடுசிடுப்பு கிடையாது, கோபம் கிடையாது. கேட்டால் பதில் வரும். "இன்னைக்கு எப்படிங்க?" என்றால் "காத்து ஜாஸ்தி" என்பான். அதோடு சரி. வெளியூரில் படிக்கிற மகள், "அப்பா போனை எடுத்தா லைன் கட்டாயிடுச்சோன்னு சந்தேகமா இருக்கும்மா" என்பாள். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவனாகவே சொன்னான்: "அந்த மஞ்சள் கிரேன் இருக்கே, இனிமே அது என்னோடது."

மறுநாள் துணி காயப்போடப் போனவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிச் சுவரோரம் போய் நின்றாள். வானத்தில் மஞ்சள் கம்பம். அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நிழல் அசைந்தது. அந்த நிழல்தான் கணவன் என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தாயிற்று. வேலையில் இருக்கிற கணவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் "எதுக்கு?" என்பான். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பதில் சொல்லிப் புரியவைக்க அவளால் ஆகாது.

கொழுந்தனிடம் கேட்டாள். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் பறவைகளைத் துரத்திக்கொண்டிருப்பான். கேட்ட அன்று சாயங்காலமே ஒரு ஜூம் லென்ஸையும், தடித்த வளையல் போல ஒரு டெலிகன்வர்ட்டரையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"இது ரெண்டு மடங்கு கன்வர்ட்டர் அண்ணி. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டணும். முந்நூறு எம்எம் அப்படியே அறுநூறு ஆயிடும். நிலாவுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியும்."

"நிலாவெல்லாம் வேணாம்பா. உங்க அண்ணன் தெரிஞ்சா போதும்."

"அண்ணனா? அவர் பக்கத்துல உக்காந்தாலே ஒண்ணும் தெரியாதே."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அவள் மாடிக்குப் போய் அதை மாட்டிக் கண்ணை வைத்தாள். உள்ளே அந்திக் கருக்கல் மாதிரி இருட்டு. பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் கொர்ரென்று முன்னால் ஓடியது, கொர்ரென்று பின்னால் வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. கையாலேயே திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு மங்கல் வந்தது; அது கிரேனா, கழுத்தை நீட்டிய ஒட்டகமா என்று சொல்ல முடியாது. இருபது படம் எடுத்து இருபதையும் அழித்தாள்.

ஊர் நடுவில் ஒரு கேமராக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் மில்லிமீட்டர் என்பார்கள். எதைக் கேட்டாலும் அளவு கேட்காமல் பதில் சொல்ல மாட்டார். அதனால் வந்த பெயர். நாற்பது வயது இருக்கும். சாமான் விற்கிற ஆசை துளியும் இல்லாத முகம்.

"தூரத்துல இருக்கிறதை எடுக்கணும். நல்ல லென்ஸா வேணும்," என்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு தெரு."

"தெருக் கணக்குல லென்ஸ் வர்றதில்லைக்கா. மீட்டர்ல சொல்லுங்க."

அன்று திரும்பிவந்து வீட்டு வாசலிலிருந்து கட்டட வேலியின் கதவு வரை நடந்தாள். முதல் தடவை எண்ணிக்கொண்டு போனபோது பாதியில் தெரிந்தவர் ஒருவர் நலம் விசாரித்ததில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. இரண்டாம் தடவை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். கதவிலிருந்து கிரேன் நிற்கிற இடத்தையும் மேலே போகிற சாய்வையும் சேர்த்து உத்தேசமாக நூற்றைம்பது மீட்டர்.

"நூத்தம்பது," என்று மறுநாள் கடையில் போய்ச் சொன்னாள்.

"என்ன பறவை?"

"பறவை மாதிரிதான். ஆனா பறக்காது, உக்காந்தே இருக்கும். எழுபது கிலோ."

மில்லிமீட்டர் முகம் மாறவே இல்லை. "அப்ப ஃபோகஸ் பிடிக்கச் சுலபம்," என்றார். அவளுடைய கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்தன் கொடுத்ததையும் பார்த்தார். "இந்த ஜூம்ல தப்பில்ல. ஆனா முழுசா நீட்டினா அதோட வாய் சின்னது. அதுக்குப் பின்னாடி ரெண்டு மடங்கு கன்வர்ட்டரைப் போட்டா வர்ற வெளிச்சத்துல கால்வாசிதான் உள்ள போகும். உங்க கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் பண்ண ஒரு அளவு வெளிச்சம் வேணும்க்கா. அது கிடைக்கலைன்னா தடவ ஆரம்பிச்சிடும், இருட்டுல சாவித் துவாரத்தைத் தேடுற மாதிரி."

பிறகு கண்ணாடி மேடையில் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று தண்ணீர்க் குடம் போல இருந்தது. அவள் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தாள்.

"இதுக்கு வாய் பெருசு. ரெண்டு மடங்கு போட்டாலும் தாங்கும். ஆனா கையும் கழுத்தும் தாங்கணும், பணமும் தாங்கணும். இன்னொண்ணு, இது. முந்நூறு, நீளம் மாறாது. ஒரு கையில தூக்கலாம். இதுக்கு ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு கன்வர்ட்டர் வருது, ஒண்ணு புள்ளி நாலு. வெளிச்சம் பாதியாகும், ஆனா ஃபோகஸ் நிக்கும்."

"அப்ப இதைக் குடுத்துடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?" என்றாள்.

"மூணு நாள் வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு கன்வர்ட்டரும் தர்றேன். மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. நான் சொல்லி வாங்கினா நாளைக்கு என்னைத் திட்டுவீங்க. நீங்களே பார்த்து வாங்கினா உங்களையே திட்டிக்குவீங்க."

முதல் நாள் பதினோரு மணிக்கு ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள். சுவர்மேல் ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்தினாள். இரண்டு மடங்கில் கிரேன் அறை பெரிதாக வந்தது. ஆனால் ஃபோகஸ் பழைய கதையாகத் தடவியது. தப்பித்தவறி நின்றபோதும் எல்லாமே வெந்நீருக்குள் கிடப்பது போல நெளிந்தன. சின்ன கன்வர்ட்டரை மாற்றினாள். பாதி அழுத்தியதும் டக்கென்று பிடித்துக்கொண்டது. ஆனாலும் நெளிவு போகவில்லை. கடைக்குப் போன் போட்டாள்.

"மணி என்ன?" என்றார் மில்லிமீட்டர்.

"பதினொண்ணேகால்."

"கூரையெல்லாம் கொதிக்கிற நேரம். அனல் மேல போறதுதான் உங்களுக்கு அலையா தெரியுது. அதுக்கு லென்ஸ் எதுவும் செய்யாது. காலையில ஏழு மணிக்குள்ள எடுங்க."

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பிய கையோடு அவளும் மாடிக்குப் போய்க் காத்திருந்தாள். ஏணியில் ஒரு சின்ன உருவம் நிதானமாக ஏறிப்போனது. அறைக்குள் போனதும் முன் கண்ணாடியைத் திறந்து வைத்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அவள் பொத்தானைத் தொட்டாள். டக்கென்று நின்றது.

அவள் கணவன்தான். சட்டையின் மேல் பொத்தான்கூடத் தெரிந்தது. கைகள் இரண்டும் இரண்டு பிடிகளின்மேல். காதோரம் ஒரு ரேடியோ. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

இரண்டொரு வார்த்தை இல்லை. வாய் ஓயவே இல்லை. புருவம் ஏறி இறங்கியது. ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்துக் காற்றில் வீசி எதையோ விளக்கினான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுக்கத் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து அவள் கடைசியாகப் பார்த்தது மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில்.

விரல் தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது படம். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு.

ஸ்டூடியோவில் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வாய் திறந்திருந்தது. ஆக, பேசத் தெரியாத மனுஷன் இல்லை. பேச்சு நிறையவே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் யாரிடமோ தீர்ந்துபோகிறது. அன்று படம் எடுக்க வந்த ஒவ்வொருவரையும், "சிரிக்கக் கூடாதுங்க, அலுவலகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க" என்று தேவைக்கு மேல் கண்டிப்பாகச் சொன்னாள். ஒரு ஆசிரியை பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் பேசவில்லை. அவன் குளித்தான். சாப்பிட்டான். நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"உடம்பு சரியில்லையா?" என்றான்.

அவள் ஏழெட்டுப் படங்களைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்கே. இன்னைக்கு எடுத்ததா?"

"உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?"

"மேல இருந்து பார்த்தா எல்லாம் தெரியும்மா. நேத்தே பார்த்துட்டேன். மொட்டை மாடியில தலையணையைப் போட்டு, கறுப்புக் குழாயை நம்ம பக்கமே நீட்டிக்கிட்டு ஒரு பொம்பளை இருக்காங்கன்னு மூணாவது தளத்துல இருக்கிறவங்க பயந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரம்மாதான், ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லி வச்சேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"யார்கிட்டங்க அவ்வளவு பேசுறீங்க?"

"கீழ சிக்னல்காரர்கிட்ட."

"அப்படி என்ன பேச்சு? இங்க ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடுது."

அவன் படங்களைச் சீராக அடுக்கி வைத்தான். பேச ஆரம்பிப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்குக் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது. கொக்கி அங்க இறங்குறப்போ அவர்தான் எனக்குக் கண்ணு. 'இறக்கு, இறக்கு, இறக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அவர் குரல் நின்னா நான் கொக்கியை நிறுத்திடணும். அதான் சட்டம். கீழ ஆளுங்க நிக்கிறாங்க இல்ல? ரெண்டு தூக்குக்கு நடுவுல சும்மா இருந்தா கண்ணு செருகிடும், அதுக்காகவும் எதையாவது பேசுவோம். நாள் பூரா இப்படித்தான். வீட்டுக்கு வந்து இந்த நாற்காலியில உக்காந்தா நீ பேச ஆரம்பிப்ப. அப்பதான் எனக்கு அப்பாடான்னு இருக்கும். இங்க நான் வாயை மூடினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஆனா நீ நிறுத்தினா பக்குனு இருக்கு. இன்னைக்கு நீ பேசல. சோறு இறங்கவே இல்ல."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சிரிக்கிற படத்தை உருவி அவன் முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன சொல்லிச் சிரிக்கிறீங்க?"

"அதுவா," என்றான். மறுபடியும் அதே சிரிப்பு வந்துவிட்டது. "நீ சொன்னதுதான். போன வாரம் ஒருத்தர் பல்செட்டை வீட்டுல மறந்து வச்சுட்டுப் படம் எடுக்க வந்து, பக்கத்துல காத்திருந்தவர்கிட்ட 'உங்களோடதைக் கொஞ்சம் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல திருப்பித் தர்றேன்'னு கேட்டாரே, அது."

"அதையா சொன்னீங்க?"

"எல்லாம் நீ சொல்றதுதான். எனக்கு ஏது கதை? கம்பியும் சிமெண்டும்தான். சிக்னல்காரர் தினமும் சாயங்காலம், 'போயிட்டுப் புதுசா ஏதாவது வாங்கிட்டு வாங்கண்ணே'ன்னுதான் அனுப்புவார். நீ சொல்றப்போ நான் ஒண்ணையும் விடாமக் கேட்டுக்கணும். நடுவுல பேசினா மறந்துடும்."

அவள் அவன் முழங்காலில் ஒரு அடி கொடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த ஆசிரியையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் வாடகைச் சாமானைத் திருப்பிக் கொடுக்க அவனும் கூட வந்தான். அன்று அவனுக்கு ஓய்வு நாள். கொழுந்தனும் ஒட்டிக்கொண்டு வந்து, "அண்ணி, ரெண்டு மடங்கையே வாங்குங்க. வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்குவோம்" என்று வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தான். கடையில் மில்லிமீட்டர் இரண்டு கன்வர்ட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் கணவன் இரண்டையும் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"இது நீளத்தை அதிகமாக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும். அப்படித்தானே?" என்று கேட்டான்.

"அப்படித்தான்."

"எங்க கிரேனும் இதேதாங்க. கம்பத்துக்குக் கிட்ட வச்சுத் தூக்கினா எட்டு டன் வரும். கை நுனிக்குப் போகப் போக எடை குறைஞ்சுக்கிட்டே வரும், கடைசி நுனியில ஒண்ணரை டன்தான். எனக்கு முன்னாடி ஒரு அட்டை ஒட்டியிருக்கும், எவ்வளவு தூரத்துல எவ்வளவுன்னு. அட்டையை மீறி நுனியில தூக்கினா கிரேன் கவுந்துடும்."

மில்லிமீட்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "இங்க கவுறாதுங்க. தடவும்."

"அப்ப சின்னதுதான்," என்றான் அவளைப் பார்த்து. "முகம் கொஞ்சம் சின்னதா வந்தாலும் பரவாயில்ல. நிக்கிறதுதான் முக்கியம்."

ஒரு வாரப் பேச்சை அண்ணன் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டதைக் கொழுந்தன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்நூறு லென்ஸையும் ஒண்ணு புள்ளி நாலையும் வாங்கினாள். சில வருஷமாகப் புதுத் திரைக்கும் விளக்குக்கும் என்று சேர்த்து வைத்திருந்தது அதில் போயிற்று. நீலத் திரை இன்னும் கொஞ்ச நாள் உழைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு காலை அவள் மாடியில் இருந்தாள். கொக்கியில் சுமை தொங்கும்போது கையை ஆட்டிக் கூப்பிடக் கூடாது என்று அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். அவளும் ஆட்டவில்லை. ஒரு படத்தில் அவன் வாய் மூடியிருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை இடுக்கி, கீழிருந்து வருகிற குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். எட்டு டன்னைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவனின் முகம். அதைத்தான் பெரிதாகப் போட்டு ஸ்டூடியோவில் மாட்டினாள்.

இரண்டு மாதத்தில் கட்டடம் வளர்ந்தது. கட்டடத்தோடு கிரேனும் வளர்ந்தது. அறை மேலே மேலே போய், அவளுடைய லென்ஸில் முகம் மறுபடி சிறுத்தது. கொழுந்தன் உச்சுக்கொட்டி, "ரெண்டு மடங்கு வாங்கச் சொன்னேன்," என்றான்.

"நான் கிட்டப் போய் எடுத்துக்கிறேன்," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேனுக்கு எண்ணெய் போட்டுச் சரிபார்க்கிற நாள். சுமை எதுவும் கிடையாது. அனுமதி வாங்கி அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். தலையில் கவசத்தை மாட்டிவிட்டவர் சிக்னல்காரர்தான். ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தார். "பல்செட்டுக் கதையை நீங்களே ஒரு தடவை சொல்லணும்மா. அண்ணன் கடைசி வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சுக் கெடுத்துட்டார்," என்றார். அவள் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தன் ரேடியோவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இதை அழுத்திப் பேசுங்க. விட்டதும் அவர் பேசுவார்."

அவள் கேமராவை முக்காலியில் நிறுத்தி மேலே திருப்பினாள். டக்கென்று பிடித்தது. அவன் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க," என்றாள் ரேடியோவில். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அங்கிருந்து என்னங்க தெரியுது?"

"என்ன தெரியலைன்னு கேளு," என்று குரல் வந்தது. லென்ஸில் அவன் உதடு அசைவதைப் பார்த்தாள். அதே குரல் அவள் உள்ளங்கையிலிருந்து வந்தது. "நம்ம மாடி தெரியுது. நீ காலையில போட்ட பச்சைப் போர்வை ஒரு பக்கம் கிளிப் கழண்டு தொங்குது. அதுக்கு அந்தப் பக்கம் உன் ஸ்டூடியோ. வாசல்ல ஒருத்தர் பூட்டைப் பார்த்துட்டு நிக்கிறார், நாளைக்கு வருவார். பள்ளிக்கூட மைதானத்துல பந்து விளையாடுறாங்க, கோல்கீப்பர் பையன் குட்டையா இருக்கான், எல்லாத்தையும் விடுறான். ரயில் பாதை தெரியுது. அதுக்கும் அந்தப் பக்கம் ஆறு, வெயில்ல தகரம் மாதிரி. காலையில ஏறினதும் முதல்ல நம்ம வீட்டு ஜன்னலைத்தான் பார்ப்பேன். நீ திறந்துட்டேன்னா மணி ஏழு. அப்புறம் பால்காரர் சைக்கிள்..."

அவள் படம் எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சிக்னல்காரர் தன் ரேடியோவைத் திரும்ப வாங்க இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.